இழுக்க வேண்டும், உள்ளே போகக் கூடாது

சர்க்கரை நோயால் இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன ஒருவர், வீட்டிலேயே வயிற்று டயாலிசிஸ் செய்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு நான்கு முறை அவருடைய வயிற்றுக்குள் இறங்குகிற திரவத்தின் பையை எடுத்துப் படித்தால், சேர்மானப் பட்டியலில் பெரிய அளவாக நிற்பது டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ். காபிக்குச் சர்க்கரை போடாதே என்று இருபது வருடமாகச் சொல்லி வந்த அதே மருத்துவம், இப்போது நாளுக்கு நூறு கிராமுக்கு மேல் அதை நேராக வயிற்றறைக்குள் ஊற்றச் சொல்கிறது.

நோயாளிகள் இதைக் கவனிக்காமல் இல்லை. "இதுல சர்க்கரை இருக்காமே டாக்டர்?" என்பது, இந்தச் சிகிச்சையைத் தொடங்கும் வீடுகளில் முதல் வாரத்திலேயே எழும் கேள்வி. இருக்கிறது. அது இல்லாமல் இந்தச் சிகிச்சையே இல்லை. அதன் இடத்தில் வேறொன்றை வைக்க முடியுமா என்று பல பத்தாண்டுகளாகத் தேடுகிறார்கள். கிடைத்தவை இரண்டே இரண்டு. அவையும் ஆளுக்கு ஒரு பைதான், அதாவது ஒரு நாளின் நான்கு பைகளில் ஒன்றின் இடத்தைத்தான் பிடிக்க முடிந்திருக்கிறது.

சென்னைப் புறநகரான சேலையூர்ப் பக்கம் வயிற்று டயாலிசிஸுக்கு ஏன் ஒரு தனி நியாயம் உண்டு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரத்த டயாலிசிஸ் என்றால் வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கேம்ப் ரோடு சந்திப்பில் ஆட்டோ பிடித்துத் தாம்பரம் போய், மின்சார ரயிலில் பூங்கா நிலையம் இறங்கி, ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு நடந்தால் பாதி நாள் போயிற்று. திரும்பி வரும்போது உடம்பில் தெம்பும் இருக்காது. பக்கத்திலேயே தனியார் மையம் கிடைத்தாலும் வாரம் மூன்று நாள் அந்த நாற்காலிக்குத்தான். அந்த இயந்திரத்துக்குத் தண்ணீரும் வேண்டும்: நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்துக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர். அதைத் தயாரிக்கும்போது கழிவாகப் போகும் நீர் தனிக் கணக்கு. ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் போர்வெல் நீரில் துணி துவைத்துப் பார்த்தவர்களுக்கு, அந்த நீரை ரத்தத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோக எவ்வளவு வேலை இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. மழைக்காலம் இன்னொரு தொல்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் அடையாற்றில் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், டயாலிசிஸ் மையத்துக்குப் போக முடியாத நோயாளி ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. அட்டைப்பெட்டிகளில் பைகளை அடுக்கி வைத்திருப்பவர் வீட்டு மாடியிலேயே சிகிச்சையைத் தொடரலாம், மின்சாரம்கூட வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான மூலையில் உட்கார்ந்து, கொக்கியில் பையைத் தொங்கவிட்டால் போதும். அந்தச் சுத்தத்தில் தவறினால் வயிற்றுக்குள் கிருமித்தொற்று வரும் என்பது இதன் பெரிய ஆபத்து.

இந்தியாவில் இந்தத் தொடர் வயிற்று டயாலிசிஸ், சிஏபிடி என்ற பெயரில், 1991-இல் தொடங்கியது. அதற்கு முன்னின்றவர்களில் முக்கியமானவர் சென்னைச் சிறுநீரக மருத்துவர் ஜார்ஜி ஆபிரகாம். ஏழைச் சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் டேங்கர் அறக்கட்டளையை 1993-இல் தொடங்கியவரும் அவரே. 2021 ஆகஸ்டு 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், ரத்த அழுத்த மாத்திரையோடும் சர்க்கரை மாத்திரையோடும் சிஏபிடி பைகளையும் வீட்டுக்கே கொண்டுவந்து தரும் ஏற்பாடு சேர்ந்தது. வயிற்று டயாலிசிஸில் இருப்பவர்கள் ரத்த டயாலிசிஸில் இருப்பவர்களை விட மிகக் குறைவு. அப்படியும் அவர்களை நினைவில் வைத்திருந்த திட்டம் என்பதால் இங்கே சொல்கிறேன்.

இனி அந்தச் சர்க்கரைக்கு வருவோம். சிறுநீரகம் செய்கிற வேலைகளில் இரண்டை இந்தச் சிகிச்சை ஏற்றுக்கொள்கிறது. யூரியா, கிரியாட்டினின் போன்ற கழிவுகளை வெளியேற்றுவது ஒன்று; குடித்த தண்ணீரில் மிஞ்சியதை வெளியேற்றுவது மற்றொன்று. குடல்களைப் போர்த்தியிருக்கும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய உறை, விரித்துப் பரப்பினால் கிட்டத்தட்ட ஒருவருடைய தோலின் பரப்பளவுக்கு வரும். அதன் அடியில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. வயிற்றறையில் 2 லிட்டர் சுத்தமான உப்புக் கரைசலை விட்டுவைத்தால், ரத்தத்தில் மிகுந்து கிடக்கும் கழிவுகள் தாமாகவே இந்தப் பக்கம் வந்துசேரும். அந்த வேலைக்குச் சர்க்கரை தேவையில்லை. தண்ணீர்தான் அப்படி வராது. அதை யாராவது இழுக்க வேண்டும்.

மாவடுவில் கல்லுப்பைப் போட்டு ஜாடியை மூடிவைத்தால் மறுநாள் நீர் விட்டிருக்கும் அல்லவா, அதே இயற்பியல்தான். பள்ளிப் புத்தகத்தில் சவ்வூடு பரவல் என்று படித்தது. 1748-இல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார், சாராயம் நிரப்பிய பாத்திரத்தைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடித் தண்ணீருக்குள் வைத்து, தண்ணீர் உள்ளே புகுந்து தோல் புடைப்பதைக் கண்டார். வான்ட் ஹாஃப் 1880-களில் அதற்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அவருக்கே போனது. அந்தக் கணக்கின் சாரம் இது: இழுவிசை, கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது அல்ல. ஒரு கிராமில் எத்தனை அதிகத் துகள் இருக்கிறதோ அத்தனை இழுப்பு. அப்படிப் பார்த்தால் சின்ன மூலக்கூறுதான் லாபம்.

1923-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் கேயோர்க் காண்ட்டர் வயிற்றறை வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் முயற்சியைத் தொடங்கியபோதே, கரைசல் அடர்த்தியாக இருந்தால் கூடுதல் நீர் வெளியே வருவது தெரிந்துவிட்டது. 1959-இல் அமெரிக்காவில் மேக்ஸ்வெல் கண்ணாடிப் பாட்டில்களில் தயார்நிலைக் கரைசலைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1968-இல் டென்காஃப் வயிற்றில் நிரந்தரமாக இருக்கக்கூடிய குழாயை வடிவமைத்தார். 1976-இல் டெக்சஸில் போப்போவிச்சும் மான்க்ரீஃபும் 'நடமாடிக்கொண்டே டயாலிசிஸ்' என்ற யோசனையை முன்வைத்தார்கள். குழாய், பாட்டில், பை எல்லாம் மாறின. இழுக்கும் பொருள் மட்டும் குளுக்கோஸாகவே நின்றது. விலை மலிவு. உடலுக்குள் போய்விட்டாலும் உடலுக்கு அதை எரிக்கத் தெரியும். இந்த இரண்டாவது காரணத்தின் எடை, மற்றப் பொருள்களை முயன்று பார்த்தவர்களுக்குத்தான் புரிந்தது.

மஞ்சள், பச்சை, சிவப்பு என்று நோயாளிகள் அடையாளம் சொல்கிற மூன்று பைகளும் குளுக்கோஸின் மூன்று அளவுகள். பையில் 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று இருக்கும். அது படிகநீரையும் சேர்த்த எடை. தூய குளுக்கோஸாகக் கணக்கிட்டால் 1.36, 2.27, 3.86. இரண்டு லிட்டர் மஞ்சள் பையில் 27 கிராம், பச்சையில் 45, சிவப்பில் 77. கால் வீங்கியிருக்கிறது, மூச்சு இரைக்கிறது என்றால் மருத்துவர் பச்சை, சிவப்பு என்று மேலே போவார். இரண்டு மஞ்சள், ஒரு பச்சை, ஒரு சிவப்பு என்று ஒரு நாள் போட்டால் மொத்தம் 176 கிராம். அதில் பத்துக்கு ஆறு பங்கிலிருந்து எட்டுப் பங்கு வரை உடலுக்குள் உறிஞ்சப்பட்டுவிடும். சாப்பிடாமலே 400 முதல் 500 கிலோகலோரி.

ஏன் அவ்வளவு உள்ளே போகிறது? சிவப்புப் பைக் கரைசலுக்கும் ரத்தத்துக்கும் உள்ள அடர்த்தி வித்தியாசத்தை வான்ட் ஹாஃப் கணக்கில் போட்டால், 3500 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரவேண்டும். நம் ரத்த அழுத்தம் 120 என்பதோடு ஒப்பிட்டால் இது ராட்சச இழுப்பு. ஆனால் அந்தக் கணக்கு, சர்க்கரையை முழுக்கத் தடுத்து நீரை மட்டும் விடுகிற சவ்வுக்கு உரியது. பெரிட்டோனியத்தின் ரத்தக் குழாய்ச் சுவர் அப்படிப்பட்டதல்ல. அதில் நீரும் சிறு மூலக்கூறுகளும் போய்வரும் இடுக்குகளின் ஆரம் 4 முதல் 5 நானோமீட்டர். குளுக்கோஸின் ஆரம் அரை நானோமீட்டர்கூட இல்லை. அது தாராளமாக நழுவிப் போய்விடும். இந்த இடுக்குகளில் குளுக்கோஸின் இழுப்பு, ஏட்டுக் கணக்கில் 3 சதவீதம் அளவுக்குத்தான் தேறுகிறது.

அப்படியானால் எப்படி வேலை செய்கிறது? ஸ்வீடனில் பெங்ட் ரிப்பெ, 1990-ஐ ஒட்டி, மூன்று அளவுத் துளைகள் இருப்பதாகக் கொண்டால்தான் கணக்கு நேராகிறது என்று காட்டினார்: பெரியவை மிகச் சில, முன்னே சொன்ன நடுத்தர இடுக்குகள் பல, அவற்றோடு நீர் மட்டுமே நுழையக்கூடிய மீநுண் துளைகள். அந்த மூன்றாவது வகையை அப்போது கண்ணால் கண்டவர் இல்லை. கணக்கு கேட்டது, அவர் கொடுத்தார். சில ஆண்டுகளிலேயே பீட்டர் ஆக்ரெ, உயிரணுச் சவ்வில் நீருக்கென்றே உள்ள புரத வாய்க்காலைக் கண்டுபிடித்தார். அக்குவாபோரின் என்ற அந்தப் புரதத்துக்காக அவருக்கு 2003-இல் நோபல் கிடைத்தது. அதே புரதம் பெரிட்டோனியத்தின் ரத்தக் குழாய்களிலும் இருந்தது. குளுக்கோஸால் அந்த வாய்க்காலுக்குள் நுழைய முடியாது; ஆகவே அங்கே மட்டும் அதன் முழு இழுப்பும் பலிக்கிறது. சிவப்புப் பையில் வெளியேறும் நீரில் பாதிக்குக் கிட்ட இந்த வழியாகத்தான் வருகிறது.

இதில் ஒரு வம்பும் உண்டு. அந்த வாய்க்காலில் உப்பும் நுழையாது. எனவே முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளியே வருவது பெரும்பாலும் வெறும் நீர். சோடியம் உடலிலேயே தங்கிவிடுகிறது. உப்பு தங்கினால் தாகம் எடுக்கும், ரத்த அழுத்தம் ஏறும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குளுக்கோஸ் நழுவிப் போகப் போக இழுப்பு தளர்கிறது. மஞ்சள் பையில் சில மணி நேரத்திலேயே அது ஓய்ந்துவிடும். அதற்குப் பிறகும் திரவத்தை உள்ளேயே வைத்திருந்தால், வந்த நீர் திரும்ப உடலுக்குள் போகத் தொடங்கும். இரவு பத்து மணிக்கு 2 லிட்டர் விட்டுக் காலை ஆறு மணிக்கு வடித்தால் 1,800 மில்லிதான் வருகிறது என்று சிலர் நோட்டில் எழுதுவது இதனால்தான். 'யூஎஃப்', அதாவது இழுத்தெடுத்த நீரின் அளவு, என்ற கட்டத்தில் கழித்தல் குறி. குளுக்கோஸை மிக வேகமாக உறிஞ்சும் பெரிட்டோனியம் சிலருக்கு அமைந்துவிடுகிறது. அவர்களுக்கு இரவுப் பை வீண் சுமை.

இன்னொரு கெடுதல் தயாரிப்பிலேயே தொடங்குகிறது. கரைசலைக் கிருமி நீக்க 121 டிகிரி வெப்பத்தில் வேகவைக்க வேண்டும். குளுக்கோஸைச் சூடாக்கினால் அது சிதைந்து மெத்தில்கிளையாக்சால், 3,4-டிஜிஇ போன்ற வினைமிக்க துண்டுகள் உண்டாகும். சிதைவைக் குறைக்கத்தான் கரைசலை அமிலத்தன்மையோடு, பிஎச் 5.5 அளவில் வைக்கிறார்கள். அந்த அமிலம், அந்தத் துண்டுகள், அடர்ந்த குளுக்கோஸ் எல்லாமாகச் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் பெரிட்டோனியத்தை நனைத்தால், உறை தடித்து, புதிய ரத்தக் குழாய்கள் முளைத்து, சர்க்கரையை இன்னும் வேகமாக உறிஞ்சத் தொடங்குகிறது. இழுப்பு குறைய, மருத்துவர் இன்னும் அடர்ந்த பையைத் தர, உறை இன்னும் கெடுகிறது. குளுக்கோஸைத் தனி அறையில் கடும் அமிலத்தில் வைத்து, பயன்படுத்தும் நேரத்தில் மற்ற அறையின் கரைசலோடு கலக்கிற ஈரறைப் பைகள் இதற்கு ஒரு விடை; விலை கூடுதல். சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வேறு: அந்தச் சிதைவு, பை வீட்டுக்கு வந்த பிறகும் நின்றுவிடுவதில்லை. சேமித்துவைக்கும் இடத்தின் சூடு கூடினால் 3,4-டிஜிஇயின் அளவும் கூடும். சேலையூரில் மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியில், மொட்டைமாடி அறையில் பெட்டிகளை அடுக்கிவைப்பதை விட, கட்டிலுக்கு அடியில் இடம் பண்ணிக்கொள்வது நல்லது.

சரி, வேறு எதைக் கரைக்கலாம்? தேவைகளை எழுதிப் பார்த்தால் சிக்கல் புரியும். நீரை இழுக்க வேண்டும். வயிற்றறையிலேயே தங்க வேண்டும். தப்பித் தவறி உள்ளே போனால் உடல் அதைச் செரித்துவிட வேண்டும். போகிற வழியில் உறையைப் புண்ணாக்கக் கூடாது. நாள்தோறும் வாங்கக் கட்டுப்படியாக வேண்டும். சின்ன மூலக்கூறு என்றால் இழுப்பு அதிகம், தங்குவது கடினம். பெரிய மூலக்கூறு என்றால் தங்கும், ஆனால் எண்ணிக்கை குறையும்.

முயன்றவை பல. 1940-களில் ஜெலட்டினைக் கரைத்துப் பார்த்தார்கள். சார்பிட்டாலை உடல் குளுக்கோஸைப் போல விரைவாக எரிப்பதில்லை; ரத்தத்தில் சேர்ந்து, அதன் அடர்த்தி ஏறி, நோயாளி மயக்கநிலைக்குப் போன நிகழ்ச்சிகள் உண்டு. ஃப்ரக்டோஸ், குளுக்கோஸை விட எதிலும் மேலாக இல்லை. ரத்தக் கொழுப்பைக் கூட்டியதுதான் மிச்சம். 1980-களில் கிளிசராலின் மேல் நம்பிக்கை வைத்தார்கள். குளுக்கோஸில் பாதி எடை, ஆகவே கிராமுக்கு இரட்டை இழுப்பு. இன்சுலினும் அதிகம் கேட்காது. ஆனால் அந்தச் சின்ன உருவமே வினையாயிற்று, குளுக்கோஸை விட வேகமாக உள்ளே ஓடியது. டெக்ஸ்ட்ரான் ரத்தத்தில் போய்த் தேங்கியது. ஆல்புமின், நம் ரத்தத்திலேயே இந்த வேலையைச் செய்கிற புரதம். விலையைக் கேட்ட பிறகு அந்தப் பேச்சு நின்றது.

திருப்பம் மான்செஸ்டர் ராயல் இன்ஃபர்மரியிலிருந்து வந்தது. 1987-இல் மிஸ்திரி, மாலிக், கோகல் மூவரும் 'லான்செட்' இதழில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, அந்தத் துறையில் இருந்தவர்களுக்கு முரணாகப் பட்டிருக்கும்: ரத்தத்துக்குச் சமமான அடர்த்தியுள்ள கரைசலைக் கொண்டு நீரை இழுப்பது. அடர்த்தி வித்தியாசமே இல்லை என்றால் எது இழுக்கும்?

விடை, பொருளின் உருவத்தில் இருக்கிறது. அவர்கள் எடுத்தது மாவுச்சத்திலிருந்து செய்த குளுக்கோஸ் சங்கிலி. பின்னாளில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்று பெயர் பெற்றது. சராசரி மூலக்கூறு எடை 16,800 அளவில். தனிக் குளுக்கோஸுக்கு அது 180. கரைசலில் 7.5 சதவீதம் இருந்தும் துகள்களின் எண்ணிக்கை சொற்பம், மொத்த அடர்த்தி ரத்தத்தை விடச் சற்றுக் குறைவாகக்கூட. ஆனால் நடுத்தர இடுக்குகளில் யூரியாவும் உப்பும் குளுக்கோஸும் இருபுறமும் தாராளமாகப் போய்வருவதால், அங்கே அவற்றின் எண்ணிக்கை இழுப்புக்குக் கணக்கில் வராது. கணக்கில் வருவது அந்த இடுக்கில் நுழையத் திணறும் பெரிய உருவங்கள் மட்டுமே. ரத்தத்தின் பக்கம் ஆல்புமின் இழுக்கிறது. வயிற்றின் பக்கம் ஐகோடெக்ஸ்ட்ரின் அதைவிட வலுவாக இழுக்கிறது. நீர் மெதுவாக, ஆனால் ஓயாமல் இந்தப் பக்கம் வந்துகொண்டிருக்கும். சின்ன மூலக்கூறுகளின் பந்தயத்தில் ஓடிக் களைத்தவர்களுக்கு, பெரிய மூலக்கூறைக் கொண்டு நிதானமாகவும் இழுக்கலாம் என்று காட்டிய இந்தக் கட்டுரைதான், இந்தத் துறையின் அழகான யோசனை என்று எனக்குத் தோன்றுகிறது.

1994-இல் வெளிவந்த மைடாஸ் ஆய்வில் பிரிட்டனின் 11 மையங்களைச் சேர்ந்த 209 பேர் பங்கேற்றார்கள். இரவு 8 மணி நேரம் வைத்திருந்தபோது, மஞ்சள் பை அளவுக் குளுக்கோஸ் சராசரியாக 150 மில்லி நீரை இழுத்தது, ஐகோடெக்ஸ்ட்ரின் 527. பன்னிரண்டு மணி நேரத்தில் வித்தியாசம் இன்னும் பெருகியது. சிவப்புப் பைக்கு இணையான இழுப்பு, சிவப்புப் பையின் சர்க்கரைச் சுமை இல்லாமல். நீர் நடுத்தர இடுக்குகள் வழியாக வருவதால் அதோடு உப்பும் சேர்ந்து வருகிறது என்பது கூடுதல் லாபம். குளுக்கோஸை வேகமாக உறிஞ்சும் உறை கொண்டவர்களுக்கு இதுதான் கைகொடுக்கிறது. 2002-இல் அமெரிக்காவும் அனுமதித்தது. ஊதா நிறப் பை. நாளுக்கு ஒன்று, இரவுக்கோ நீண்ட பகலுக்கோ.

ஏன் ஒன்று மட்டும்? வயிற்றறையிலிருந்து நிணநீர் வழியாக இதிலும் ஒரு பகுதி, பன்னிரண்டு மணி நேரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, ரத்தத்துக்குப் போகிறது. அங்கே அமைலேஸ் நொதி அதை வெட்டி மால்டோஸாக்கும். மால்டோஸை இரண்டு குளுக்கோஸாகப் பிளக்கும் நொதி ரத்த ஓட்டத்தில் இல்லை. எனவே அது அங்கேயே சேர்கிறது. நாளுக்கு ஒரு பையோடு நிறுத்தினால் ஓர் அளவில் நிலைத்து நிற்கும்.

அந்த மால்டோஸ் உடலை விடக் குளுக்கோமீட்டரைத்தான் அதிகம் ஏமாற்றியது. விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவிகளில் ஜிடிஎச்-பிகியூகியூ என்ற நொதியைக் கொண்ட ஒரு வகைப் பட்டைக்கு, குளுக்கோஸுக்கும் மால்டோஸுக்கும் வேறுபாடு தெரியாது. உண்மையில் 50-க்குச் சரிந்து வியர்த்து மயங்கும் நோயாளிக்கு, கருவி 180 என்று காட்டலாம். அதை நம்பி இன்சுலினையும் போட்டால் முடிந்தது கதை. 1997 முதல் 2009 வரை இந்த வகைப் பட்டைகளோடு தொடர்புடைய 13 மரணங்கள் பதிவானதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2009-இல் எச்சரித்தது. பெரும்பாலானவை மருத்துவமனைகளுக்குள்ளேயே நடந்தவை. வீட்டில் சரியான கருவியை வைத்திருந்தும் பயனில்லை. நள்ளிரவில் அவசரப் பிரிவில் யாரோ ஒருவர் தம் கையில் இருக்கும் கருவியால் பார்ப்பார். ஊதாப் பை போடுகிறவர் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டிய ஒரே வாக்கியம், "இவர் ஐகோடெக்ஸ்ட்ரின் போடுகிறார், லேபில் ரத்தம் எடுத்துச் சர்க்கரை பாருங்கள்" என்பது. கணைய அழற்சிக்குப் பார்க்கும் அமைலேஸ் சோதனையும் இவர்களுக்குப் பொய்யாகக் குறைவாகவே வரும்.

2002-இல் இன்னொரு சங்கதி நடந்தது. ஐகோடெக்ஸ்ட்ரின் போட்டவர்கள் பலருக்கு வடித்த நீர் கலங்கியது. வளர்த்துப் பார்த்தால் கிருமி எதுவும் இல்லை. துப்புத் துலக்கியபோது, வெப்பத்தையும் அமிலத்தையும் விரும்பி வாழும் அலிசைக்ளோபேசிலஸ் என்ற பாக்டீரியா மாவுச்சத்துப் பதப்படுத்தும் கட்டத்தில் வளர்ந்திருந்தது தெரிந்தது. பாக்டீரியா செத்துவிட்டது, அதன் சுவரின் துண்டான பெப்டிடோகிளைக்கான் கரைசலில் மிஞ்சியது. தரப் பரிசோதனை தேடியது எண்டோடாக்சினை. அது இந்த வகைப் பாக்டீரியாவில் இல்லவே இல்லை. எல்லாச் சோதனையிலும் தேறிய பை வயிற்றைப் புண்ணாக்கியது. பைகள் திரும்பப் பெறப்பட்டன. பெப்டிடோகிளைக்கானுக்கும் சோதனை வந்தது.

இரண்டாவது மாற்று நம் ஊருக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. வடிக்கும் நீரோடு நாள்தோறும் 5 முதல் 10 கிராம் புரதம் வெளியே போகிறது. மூன்று வேளையும் சோறும் இட்லியும் தோசையுமாகச் சாப்பிட்டு, சிறுநீரகம் கெட்ட காலத்தில் பருப்பையும் குறைத்துக்கொண்டு பழகியவருக்கு இது பெரிய இழப்பு. குளுக்கோஸ் தரும் கலோரி வயிற்றை மந்தமாக்கிப் பசியையும் கெடுக்கும். எனவே இழுக்கும் பொருளாக அமினோ அமிலங்களையே கரைத்தால் என்ன? 1.1 சதவீதக் கரைசல், 2 லிட்டர் பையில் 22 கிராம், இழுப்பு மஞ்சள் பைக்குச் சமம். உள்ளே போவது கெடுதல் என்ற குறையே இங்கே பயனாகிவிடுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்றுக்கு மேல் போட்டால் யூரியா ஏறும், ரத்தத்தில் அமிலம் கூடும். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துப் போடாவிட்டால், அந்த அமினோ அமிலம் தசையாகாமல் எரிந்து போகும். ஹாங்காங்கில் 60 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில் ஊட்டநிலை சற்று மேம்பட்டது; உயிர் பிழைப்பதில் வித்தியாசம் தெரியவில்லை. நம் நோயாளிக்கு முட்டையின் வெள்ளைக்கரு இதைவிட எவ்வளவோ மலிவு என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால்? 2013-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு, சர்க்கரை நோயும் உள்ள 251 வயிற்று டயாலிசிஸ் நோயாளிகளை இரண்டு அணியாகப் பிரித்தது. ஓர் அணிக்கு முழுக்கக் குளுக்கோஸ். மற்றதற்கு ஐகோடெக்ஸ்ட்ரின், அமினோ அமிலம், மிச்சத்துக்குக் குளுக்கோஸ். ஆறு மாதத்தில் இரண்டாவது அணியின் மூன்று மாதச் சர்க்கரை அளவு 7.7-லிருந்து 7.2-க்கு வந்தது. எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, அந்த அணியில் மரணங்களும் தீவிரப் பாதிப்புகளும் கூடுதலாக இருந்தன. அவற்றில் பல, உடலில் நீர் மிஞ்சியதோடு தொடர்புடையவை. சர்க்கரையைக் குறைக்கும் முனைப்பில், நீரை எடுக்க வேண்டும் என்ற முதல் வேலை பின்னால் போய்விட்டது என்றே இதை நான் படிக்கிறேன். குளுக்கோஸைத் திட்டுவது எளிது. வீக்கத்தோடு வரும் நோயாளிக்கு அன்றிரவே சிவப்புப் பையைப் போடச் சொல்கிற மருத்துவர் ஒன்றும் தெரியாதவர் அல்ல.

தேடல் நிற்கவில்லை. இத்தாலியில் சைலிட்டாலையும் எல்-கார்னிட்டினையும் கொஞ்சம் குளுக்கோஸோடு கலந்த கரைசல் மனிதர்களிடம் பரிசோதனையில் இருக்கிறது. வான்கூவரில் மரக்கிளை போலப் பல பக்கமும் கிளைத்த பாலிகிளிசராலைச் செய்து எலிகளில் பார்த்தார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் வேறு யோசனை: குளுக்கோஸை முதலிலேயே அள்ளிக் கொட்டாமல், போகப் போகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து இழுப்பை ஒரே அளவில் வைத்திருக்கும் சிறு கருவி. எனக்கு இந்தக் கடைசியின் மேல்தான் ஆர்வம். பொருளை மாற்றாமல் அதைக் கொடுக்கும் முறையை மாற்றுவது, விலை பொறுத்த மட்டில் நம் பக்கத்துக்கு ஒத்துவரக்கூடும். ஆனால் அதற்கும் ஒரு கருவி வேண்டும், கருவிக்கு ஒரு விலை உண்டு.

அதுவரைக்கும் சேலையூர் வீட்டில் செய்யக்கூடியது, இழுக்கும் வேலையையே குறைப்பது. ஏறத்தாழ 8 கிராம் உப்பு உடலில் தங்கினால், அதைக் கரைத்து வைத்துக்கொள்ள உடல் ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். தாகம் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கவைக்கும். அந்த ஒரு லிட்டரை வெளியே எடுக்க ஒரு சிவப்புப் பை போதாமலும் போகலாம். 77 கிராம் குளுக்கோஸ். முன்னே சொன்னபடி குளுக்கோஸ் நீரை எடுக்கும் அளவுக்கு உப்பை எடுப்பதில்லை என்பதால், வாயால் உள்ளே போகும் உப்பைத் தடுப்பதே சுலபம். சாப்பாட்டு உப்புக் கணக்கில் சாம்பாரையும் ரசத்தையும் மட்டும் பார்க்கிறோம். அப்பளம், கருவாடு, ஊறுகாய், மோர்மிளகாய், மாலையில் ஒரு கைப்பிடி மிக்சர் என்று வருவதை யாரும் எழுதிவைப்பதில்லை. யூஎஃப் நோட்டின் ஓரத்தில் அதற்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டால், எந்த வாரம் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கலாம் என்று பேச மருத்துவருக்கும் ஒரு பிடி கிடைக்கும். சிறுநீர் இன்னும் கொஞ்சம் போகிறவர்கள் அதன் அளவையும் எழுதட்டும். அது நிற்காமல் இருக்கும் வரை சிவப்புப் பையின் தேவை குறையும்.